பொரோந்தா நாட்டுத் தேர்தலும் என் மூக்குக்கண்ணாடியும்

அறுபத்து நான்கு ரூபாய் ஐம்பது காசு. நான் கொடுக்க வேண்டியிருந்த கடன் அவ்வளவுதான். தொகையில் யாருக்கும் தகராறு இல்லை. யாரிடம் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். அதைப் பொரோந்தா என்ற நாடு தேர்தல் நடத்திச் சொல்ல வேண்டும். அந்த நாட்டில் மூன்று வருஷமாகத் தேர்தல் நடக்கவில்லை. நடக்கவிடாமல் தடுத்தவன் நான். பட்டாளம், பீரங்கி எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. பல்லாவரத்தில் ஒரு தோல் பதனிடும் ஷெட்டின் வேப்பமரத்தடியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்தபடியே தடுத்தேன். அந்த நாட்டைப் பெற்றவனே நான்தான் என்பதால் அது முடிந்தது.

என் பெயர் துளசிங்கம். ஷெட்டில் என் வேலை தூக்குவது. சுண்ணாம்புக் குழியில் ஊறி முடி கழன்ற ஆட்டுத்தோலை அள்ளிக்கொண்டு போய், சதை சீவுகிற பலகையில் போட வேண்டும். குழிக்காரர்கள் நான் நேரத்துக்கு வரவில்லை என்பார்கள். கத்திக்காரர்கள் நான் சொட்டச் சொட்டக் கொண்டுவந்துவிட்டேன் என்பார்கள். இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதற்கு மாதம் நூற்றுப்பத்து ரூபாய் சம்பளம். அந்த வேலைக்கு அது அதிகம் என்று முதலாளி நினைத்தார். அந்தத் திட்டுக்கு அது குறைவு என்று நான் நினைத்தேன்.

எனக்கு எழுத்து வந்தது நாற்பதை நெருங்கும் வயதில். அதற்குக் காரணம் ஒரு தார் டப்பா. அறுபத்தைந்தாம் வருஷம் இந்தி எதிர்ப்பு நடந்தபோது, கட்சிக்காரர்கள் இரண்டு பேர் என்னைக் கூட்டிக்கொண்டு ஒரு ஸ்டேஷனுக்குப் போனார்கள். நான் உயரம். ஏணி தேவையில்லை. அதுதான் என் தகுதி. பிரஷ்ஷைக் கையில் கொடுத்து, "இந்திய அழி" என்று சொல்லிவிட்டு, போலீஸ் வருகிறதா என்று பார்க்க அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பலகையில் மூன்று வரி இருந்தது. மூன்றும் எனக்கு ஒன்றுதான். எது இந்தி என்று கேட்க வெட்கம். தலைமேல் ஏறி உட்கார்ந்திருப்பதுதான் திணித்ததாக இருக்க வேண்டும் என்று மூளையை உபயோகித்து, முதல் வரியை நல்ல கறுப்பாக அடித்தேன். திரும்பி வந்த கட்சிக்காரர் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அடப்பாவி! தமிழ் மேலயே தார ஊத்திட்டியேடா!"

முதுகில் விழுந்த அறை இன்றைக்கும் மழைக்காலத்தில் வலிக்கிறது. தமிழைக் காக்கப் போய்த் தமிழை அழித்த வீரனாக, அடுத்த மாதமே குரோம்பேட்டையில் சர்ச்சுக்குப் பக்கத்துக் கொட்டகைக்குப் போனேன். அங்கே ரத்தினபாய் டீச்சர் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சாயங்காலம் எழுத்துச் சொல்லித் தந்துகொண்டிருந்தார். பெண்கள் வரிசையில் எங்கள் ஷெட்டுத் தபீதாளும் உட்கார்ந்திருந்தாள். கிணற்றடியில் ஆட்டுமுடி அலசி உலர்த்துகிறவள். நான் இரண்டு வருஷத்தில் தட்டுத் தடுமாறி எழுத்துக்கூட்டுவதற்குள், அவள் பைபிளில் பாதியை முடித்துவிட்டாள். ஆனால் மரத்தடியில் பேப்பர் படிக்க ஆள் தேவைப்பட்டபோது, ஆண்கள் கூட்டத்துக்குப் பெண்ணைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள்.

டீக்கடைப் பேப்பர் கடையில் எல்லோரும் பார்த்து முடித்தபிறகு, மதியம் ஒரு மணிக்கு எங்கள் ஷெட்டுக்கு வரும். நான் உரக்கப் படிக்க வேண்டும். கூலி ஒரு டீ, ஒரு பன். கொலை, கொள்ளை, சினிமா விளம்பரம் எல்லாம் எப்படியோ ஓடிவிடும். பாதியைப் படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். வெளிநாட்டுப் பக்கம்தான் எமன். பொடி எழுத்து. ஒரு ஊர்ப் பெயரைப் படித்து முடிப்பதற்குள் சங்கு ஊதிவிடும். எங்கள் ஆட்களுக்கோ வெளிநாட்டுச் செய்திதான் வேண்டும். உள்ளூர் யோக்கியதை அவர்களுக்கே தெரியும்.

எழுபத்துமூன்றில் ஒரு நாள். ஏதோ ஒரு நாட்டின் பெயரில் மூன்றாவது எழுத்தில் வண்டி நின்றுவிட்டது. தள்ளினாலும் போகவில்லை.

"இன்னாடா, பஞ்சர் ஆன மாட்டு வண்டி மாரி நிக்கிற?" என்றார் லாசரஸ்.

கத்திக்காரர்களுக்கெல்லாம் பெரியவர் லாசரஸ். இரண்டு பக்கமும் பிடிபோட்ட கத்தியால் ஒரே இழுப்பில் சதையைச் சீவிவிடுவார். எதிரே சுவரில் சாய்ந்திருந்தவர் முனிரத்தினம், குழிக்காரர்களின் தலைவர். சுண்ணாம்பில் நகமெல்லாம் தேய்ந்து போனவர். நாக்கு மட்டும் தேயவில்லை.

"மாட்டு வண்டிக்கு ஏது பஞ்சரு?" என்றார் முனிரத்தினம். "நீ படி மச்சான். அந்தாளு கெடக்கறாரு."

இருபது முகம் என்னையே பார்த்தது. டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு குதித்தேன்.

"பொரோந்தா நாட்டில் பெரும் கலகம்" என்று படித்தேன்.

யாரும் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை. அந்தக் காலத்தில் மாதத்துக்கு ஒரு நாடு சுதந்திரம் வாங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒன்று கூடினால் யாருக்குத் தெரியும்? மறுநாள் நான் வந்து உட்கார்ந்ததும், "பொரோந்தாவுல இன்னா ஆச்சு?" என்றுதான் கேட்டார்கள். அதற்குப் பிறகு எனக்கு விடுதலை இல்லை.

பொரோந்தாவில் மூன்று பகுதி. இதை நான் ஒரே நாளில் செய்துவிடவில்லை. நாளைக்கு ஒரு டீ வீதம் எட்டு மாதம் ஆனது. வடக்கே வடமேடு. ஆடு மேய்க்கிறவர்கள், இடுப்பில் கத்தி வைத்திருப்பவர்கள். மலை முளைத்த நாளிலிருந்து இங்கேயே இருக்கிறோம் என்பார்கள். மலை முளைத்ததைப் பார்த்தவன் யார் என்று கேட்டால் கத்தியை எடுப்பார்கள். தெற்கே கடலோரத்தில் உப்புக்கரை. அங்கிருப்பவர்கள் படகில் வந்தவர்கள். எங்கிருந்து வந்தார்கள் என்பது அவர்களுக்கே மறந்துவிட்டது, ஆனால் வந்த ஊரில் தங்களுக்கு அரண்மனை இருந்தது என்பது மட்டும் ஒவ்வொருவருக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது. உப்புக் காய்ச்சினார்கள். முந்நூறு வருஷம் ராஜாவும் அவர்கள் ஆள்தான். உப்புத் தின்கிற அத்தனை பேரும் தங்களுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று சட்டம் போட்டிருந்தார்கள்.

நடுவில் நடுவாறு. மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் சண்டை போட்டுக் களைத்து, ஆற்றங்கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய காலத்தில் பிறந்தவர்கள். தாய் ஒரு பக்கம், தகப்பன் ஒரு பக்கம். தலை எண்ணும்போது இரண்டு பக்கமும் எங்கள் ஆள் என்று சொந்தம் கொண்டாடும். பெண் கேட்டுப் போனால் இரண்டு பக்கமும் கதவைச் சாத்தும்.

"அப்பால வெள்ளைக்காரன் வந்திருப்பானே" என்றார் முனிரத்தினம்.

வந்தான் என்றேன். உப்புக்கரையிலிருந்து வடமேட்டுக்கு ரயில் போட்டான் என்றேன். அந்த ரயில் நடுவாற்றில் நிற்காது.

"எந்த வெள்ளைக்காரன்? இங்கிலீஸ்காரனா, பிரெஞ்சுக்காரனா?"

"பேப்பர்ல போடல."

"போடாத சமாச்சாரம் ரொம்பக் கீதே இந்தப் பேப்பர்ல" என்றார் அவர்.

சுதந்திரம் வந்தது. தலைநகரம் எங்கே என்று பத்து வருஷம் சண்டை. அது தீர்ந்ததும் ஸ்டேஷன் பலகையில் எந்தப் பாஷை முதலில் என்று சண்டை. மேட்டுக்காரர்கள் தார் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அதில் எழுத்துத் தெரியாத ஒருத்தன் தன் பாஷையையே அழித்துவிட்டு வந்தான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான்.

எங்கள் ஆட்கள் இரண்டாகப் பிரிந்துகொண்டது எப்போது என்று எனக்கே சரியாகத் தெரியாது. கத்தி இருந்ததால் லாசரஸும் அவர் ஆட்களும் வடமேடு ஆனார்கள். பச்சைத்தோல் உப்புப் போட்டுத்தான் ஷெட்டுக்கு வரும், அது முதலில் போவது குழிக்காரர்களிடம், அதனால் முனிரத்தினம் கூட்டம் உப்புக்கரை. மரத்தடியில் அதுவரை கலந்து உட்கார்ந்தவர்கள் மரத்துக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று உட்கார ஆரம்பித்தார்கள். நடுவாற்றுக்கு ஆளில்லை. நியாயப்படி பார்த்தால் இரண்டு பக்கமும் அலைந்து திட்டு வாங்குகிற நான்தான் நடுவாறு. ஆனால் நாட்டைப் படைத்தவன் அதில் குடியிருப்பது முறையில்லை என்று சும்மா இருந்துவிட்டேன்.

கிணற்றடியிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

"அண்ணா, அந்த நாட்டுல பொம்பளைங்களுக்கு ஓட்டு கீதா?"

தபீதாள்தான். ஈர முடியைப் பாயில் பரப்பிக்கொண்டே கேட்டாள். எட்டு மாதமாக மூன்று இனத்தையும் முந்நூறு வருஷத்தையும் படைத்தவன், பெண்களைப் படைக்க மறந்திருந்தேன்.

"பேப்பர்ல போடல" என்றேன்.

"ஓகோ" என்றாள். அவ்வளவுதான்.

எழுபத்துநாலு சித்திரையில் என் வாய் என்னைக் கவிழ்த்தது. எங்கோ ஒரு நாட்டில் தேர்தல் என்று உண்மையாகவே பேப்பரில் போட்டிருந்தது. அந்த வேகத்தில், பொரோந்தாவிலும் ஆடி மாதம் தேர்தல் என்று படித்துவிட்டேன்.

"வடமேடுதான் கெலிக்கும்" என்றார் லாசரஸ். "இந்தா, பத்து ரூபா பந்தயம்."

"உன் மேட்டுல ஆளு எங்க கீது? ஆடு வந்து ஓட்டுப் போடுமா?" என்றார் முனிரத்தினம். "உப்புக்கரை. இந்தா பத்தரை."

அந்த எட்டணா வீம்புக்கு. மற்றவர்களும் ஒன்றும் இரண்டுமாகப் போட்டார்கள். அந்தப் பக்கம் முப்பத்தொன்று சேர்ந்தது, இந்தப் பக்கம் முப்பத்தொன்றரை. ஜெயிக்கிற பக்கத்துக்கு மொத்தமும் என்று பேச்சு. துட்டை யாரிடம் கொடுத்து வைப்பது? இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவன், எழுத்துத் தெரிந்தவன், நாணயஸ்தன் என்று என் கையில் கொடுத்தார்கள். அப்போது தபீதாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

"நடுவாத்துக்கு ரெண்டு ரூபா."

"யம்மா, அந்த ரெண்டு ரூபாய்க்கு வேர்க்கடல வாங்கித் துன்னுகினு போயேன்" என்றார் லாசரஸ். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ரூபாயை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ஆக மொத்தம் அறுபத்து நான்கரை ரூபாய் என் வேட்டி மடிப்பில் வீட்டுக்கு வந்தது. நாணயஸ்தனிடம் நான்கு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் தாம்பரம் போய் நாற்பத்திரண்டு ரூபாய்க்கு மூக்குக்கண்ணாடி வாங்கினேன். என்ன செய்வது? வயது நாற்பத்தைந்து. எழுத்து வந்து ஏழு வருஷத்தில் கண் கிளம்பிவிட்டது. பேப்பரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தும் தெரியவில்லை. இன்னும் தள்ளிப் பிடிக்கக் கை நீளமில்லை. மிச்சம் இருபத்திரண்டரையில், அடகுக் கடையில் இருந்த பித்தளை அண்டாவை மீட்டேன்.

"யாரு துட்டுய்யா இது?" என்று கேட்டாள் என் மனைவி அஞ்சம்மாள்.

"நாட்டுத் துட்டு."

"அதான் மந்திரி மாரி மூஞ்சியில கண்ணாடி" என்றாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிநாட்டுப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உலகத்தில் உண்மையாகவே எத்தனை நாடுகள் இருக்கின்றன என்று. அவற்றின் பெயர்கள் பொரோந்தாவைவிட நம்ப முடியாதவையாக இருந்தன. ஒழுங்காக அவற்றைப் படித்திருக்கலாம். ஆனால் இனிமேல் நிறுத்த முடியாது. தேர்தல் வந்துவிட்டால் துட்டைக் கேட்பார்கள். அதனால் தேர்தல் வரக்கூடாது.

ஆடியில் ஆற்றில் வெள்ளம் வந்து ஓட்டுப் பெட்டிகள் அடித்துக்கொண்டு போய்விட்டன. ஐப்பசியில் வடமேட்டு வேட்பாளர் மாரடைப்பில் செத்துப்போனார். லாசரஸ் அன்றைக்கு டீ குடிக்கவில்லை. "நல்ல மன்சன்டா" என்று இரண்டு முறை சொன்னார். நான் கொன்ற ஆளுக்கு அவர் துக்கம் காப்பதைப் பார்க்க முடியாமல், செத்தவருக்கு ஒரு தம்பியைப் பிறக்கவைத்து வேட்பாளராக நிறுத்தினேன். தையில் ஓட்டர் லிஸ்ட் தகராறு. நடுவாற்றுக்காரர்களை எந்தப் பக்கம் எழுதுவது என்று கமிஷன் போட்டார்கள்.

"எண்ணி முடிக்க எம்மாந் நாளு ஆவும்?" என்றார் முனிரத்தினம்.

"எண்ணறப்போ இடம் மாறிக்கிறாங்களாம்."

"பேஜாரு புடிச்ச ஜனங்களா இருக்கும் போல."

தீபாவளி போனஸில் துட்டை வைத்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் வருஷ போனஸை அஞ்சம்மாளின் காய்ச்சல் கொண்டுபோனது. அடுத்த வருஷம் போனஸே பாதியாகக் குறைந்துவிட்டது. அதற்குள் எழுபத்தைந்து ஆனி மாதத்தில் எங்கள் நாட்டில் அவசர நிலை வந்திருந்தது. தேர்தல் கிடையாது, கூட்டம் கிடையாது, பேப்பரில் சில நாள் வெறும் வெள்ளை இடம். ஊரெல்லாம் திகைத்தது. எங்கள் வேப்பமரத்தடியில் யாரும் திகைக்கவில்லை. ஒரு வருஷமாக அவர்களை நான் பழக்கி வைத்திருந்தேன். பெரிய இடத்தில் என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்களோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அங்கிருந்து யாரும் எனக்கு டீ வாங்கித் தரவில்லை என்பதால், அப்படி இல்லை என்று தெளிந்தேன்.

அந்த இரண்டு வருஷத்தில் ஒன்றை மட்டும் கவனித்தேன். உள்ளூரைப் பற்றிப் பேசும்போது முனிரத்தினம்கூடக் குரலைத் தாழ்த்துவார். பொரோந்தாவைப் பற்றி மட்டும் எல்லோரும் உரக்கப் பேசினார்கள். "ஏன்டா, அங்க எப்பத்தான்டா வுடியும்?" என்று லாசரஸ் கேட்பார். எந்த ஊரைக் கேட்கிறார் என்று நான் திருப்பிக் கேட்டதில்லை. தேர்தலைத் தள்ளுவது அப்போதெல்லாம் சுலபமாக இருந்தது. ஒரு பொய்யும் தேவையில்லை. "இன்னும் வைக்கலியாம்" என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சுலபமாக இருந்ததே உறுத்தலாக இருந்தது. வாரம் நாலணா, எட்டணா என்று ஒரு டால்டா டப்பாவில் போட ஆரம்பித்தேன்.

எழுபத்தேழு பிறந்ததும் வினை பிறந்தது. நம் நாட்டில் தேர்தல் அறிவித்துவிட்டார்கள்.

"நம்ம ஊர்லயே வெச்சிட்டாங்க. அவனுங்களுக்கு இன்னா கேடு?" என்றார் லாசரஸ். "மூணு வருசமா இத்தயே சொல்லிகினு கீற. பீலா வுடுறியா?"

"நம்ம துட்டு வேற தூங்கினு கீது" என்றார் முனிரத்தினம். பல வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே பக்கம் சேர்ந்தது அன்றைக்குத்தான். பங்குனியில் நடக்கும் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

இங்கே ஓட்டு எண்ணி முடித்த அந்த வாரம், வெள்ளிக்கிழமை, பொரோந்தாவின் முடிவு வர வேண்டும். காலையிலிருந்து தோல் தூக்கியபடியே யோசித்தேன். வடமேடு ஜெயித்தால் முனிரத்தினம் பேப்பரைப் பிடுங்கி ஆபீசுக்குக் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்வார். உப்புக்கரை ஜெயித்தால் லாசரஸ் அதையே செய்வார், கூடவே அவர் கையில் கத்தி இருக்கும். யார் ஜெயித்தாலும் துட்டு வேண்டும். டப்பாவைக் கொட்டி முடிந்துகொண்டு வந்திருந்தேன். இருபத்திரண்டரை இருந்தது. பொய்யன் என்ற பெயரோ திருடன் என்ற பெயரோ, ஒன்றாவது இன்றைக்கு எனக்கு உறுதி. இரண்டும் கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஒரு மணிக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரைப் பிரித்தேன்.

"பொரோந்தா தேர்தல் முடிவு. வடமேடு... நாற்பத்தொரு இடம்."

மரத்துக்கு அந்தப் பக்கம் விசில் பறந்தது.

"உப்புக்கரை... நாற்பத்தொரு இடம்."

இந்தப் பக்கம் கைதட்டல்.

"சமமா?" என்றார் லாசரஸ். "அப்ப யாரு கெலிச்சது?"

"அது... பேப்பர்ல..."

"போடலன்னு மட்டும் சொல்லாத!" லாசரஸ் எழுந்து வந்து என் கையிலிருந்து பேப்பரைப் பிடுங்கினார். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முறைத்துப் பார்த்தார். "எங்கடா கீது? எந்த எடத்துல? வெரல வெச்சிக் காட்டு."

நான் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைக்க ஆரம்பித்தேன்.

"டபாய்க்கிறான்" என்றார் முனிரத்தினம், எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. "வேற யாருக்குப் படிக்கத் தெரியும் இங்க?"

யாருக்கும் தெரியாது. ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் முன்பே கையைத் துடைத்துக்கொண்டு கிணற்றடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

"இப்டிக் குடு லாசரண்ணா" என்று பேப்பரை வாங்கினாள் தபீதாள். நேராகத் திருப்பினாள். கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கினாள். என் பிழைப்பு முடிந்தது என்று நான் மரத்தில் சாய்ந்துவிட்டேன்.

சர்ச்சில் வேதம் வாசிக்கிற குரலில், நிறுத்தி நிதானமாக, அவள் படித்தாள்.

"வடமேடு நாற்பத்தொன்று. உப்புக்கரை நாற்பத்தொன்று. நடுவாறு நாற்பத்தேழு. இந்தத் தேர்தலில் பெண்கள் முதல் தடவையாக ஓட்டளித்ததே நடுவாற்றின் வெற்றிக்குக் காரணம் என்று கூறப்படுகிறது."

என் நாட்டில் எனக்குத் தெரியாமல் தேர்தல் நடந்து முடிந்துவிட்டது.

லாசரஸுக்கு முதலில் மூச்சு வந்தது. "ஏம்மா, நீ துட்டு கட்டின கட்சி கெலிச்சிதுன்னு நீயே படிக்கிறியா?"

"சந்தேகமா இருந்தா ஆபீஸ் ரைட்டராண்ட குடுங்க, அவரே படிக்கட்டும்" என்றாள் அவள், பேப்பரை மடித்து நீட்டி. "தெனம் ஒரு மணிலேந்து ரெண்டு மணி வரைக்கும் இங்க பேப்பர் படிச்சிகினு பந்தயம் கட்டறது யாரு யாருன்னும் கேப்பாரு. பேரு சொல்லிடுங்க."

யாரும் பேப்பரை வாங்கவில்லை. லாசரஸ் தாடையைச் சொறிந்தார்.

"யோசிச்சிப் பாத்தா," என்றார் அவர், "நடுவாத்துக்காரங்க யாரு? தகப்பன் வழியில நம்ம மேட்டு ஆளுங்கதானே."

"தாய் வழிய வுட்டுட்டியே" என்றார் முனிரத்தினம். "அத்தினியும் உப்புக்கரை ரத்தம். கெலிச்சது நாங்கதான்."

அதில் புதுச் சண்டை ஆரம்பித்து, சங்கு ஊதும்வரை நடந்தது. யாரும் என்னைக் கவனிக்கவில்லை. நான் தோல் தூக்கப் போனேன்.

சாயங்காலம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய இரும்புக் கடைக்குப் பக்கத்தில் தபீதாள் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு கட்டு கருவாடு.

"அறுபத்து நாலரை ரூபா எங்க அண்ணா?"

ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைச் சொன்னேன், அண்டாவைச் சொன்னேன். முடிச்சை அவிழ்த்து இருபத்திரண்டரையை அவள் கையில் கொட்டினேன். பாதிக்கு மேல் பத்துக் காசும் ஐந்து காசும். அவள் கருவாட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"உனக்கு எப்போ தெரியும், அப்படி ஒரு நாடே இல்லேன்னு?"

"மொதல்லயே. அந்தப் பேப்பர்லதான் மறுநாள் எனக்குக் கடலை மடிச்சிக் குடுத்தாங்க. நாலு பக்கமும் தேடிட்டேன்."

"தெரிஞ்சேவா ரெண்டு ரூபா கட்டின?"

"தெரிஞ்சிதான் கட்டினேன். லாசரண்ணன கெலிக்க வெச்சா முனிரத்தினண்ணன் வுடமாட்டாரு. அவர கெலிக்க வெச்சா இவரு வுடமாட்டாரு. நீ ரெண்டு பேருக்கும் பயந்த ஆளு. என்னிக்காச்சும் நடுவாத்துலதான் வந்து வுழுவேன்னு கணக்குப் போட்டேன்." அவள் பெருமூச்சு விட்டாள். "நீ வுழறதுக்கு மூணு வருசம் ஆவும்னுதான் எனக்குத் தெரியல. கடைசில நானே தள்ள வேண்டியதாப் போச்சி."

ஒரு நாட்டையே ஆண்டவனை, இரண்டு ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

"மீதி நாப்பத்திரண்டு. மாசம் மூணு மூணா..." என்று ஆரம்பித்தேன்.

"கண்ணாடி எவ்ளோ சொன்ன?"

"நாப்பத்திரண்டு."

அவள் கையை நீட்டினாள்.

கழற்றிக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு, கருவாடு மடித்திருந்த காகிதத்தை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். ஒரு வரி படித்தாள். இன்னொரு வரி. உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவளுக்கும் நாற்பது தாண்டியிருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மதியம் கை நீட்டிப் பேப்பரைப் பிடித்தாளே, ஒரு எழுத்தாவது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

"பழைய கண்ணாடிக்குப் புது வெல போடறேன்" என்றாள். "எனக்கும் உனக்கும் சரியாப் போச்சி. நாளைலேந்து நான் படிக்கிறேன். டீயும் பன்னும் எனக்கு."

மறுநாள் ஒரு மணிக்கு நான் முதல்முறையாக எதிர்ப்பக்கம், தரையில், கேட்கிறவர்களோடு உட்கார்ந்தேன். எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் மரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தேன். தபீதாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கொலையையும் விலைவாசியையும் தடங்கல் இல்லாமல் படித்தாள். நான்கு நிமிஷத்தில் முடித்துவிட்டாள். எனக்கு அரை மணி நேரம் ஆகும் விஷயம் அது.

"பொரோந்தாவுல இன்னா ஆச்சு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான் என் குரல் என்று தெரிந்தது.

அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

"பொரோந்தாவில் புதிய ஆட்சி பதவி ஏற்றதும் கஜானாவைத் திறந்து பார்த்தது. உள்ளே ஒன்றும் இல்லை. பழைய கஜானாக்காரர் அந்தப் பணத்தில் மூக்குக்கண்ணாடி வாங்கியிருந்தது விசாரணையில் தெரியவந்தது."

லாசரஸ் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "திருட்டுப் பய! கண்ணாடியாமே!" சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, கண்ணாடியில்லாத என் மூஞ்சியை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தபீதாளின் மூஞ்சியைப் பார்த்தார். பிறகு முன்பைவிட உரக்கச் சிரித்தார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதை இன்றுவரை நான் கேட்கவில்லை.

"அப்பால? உள்ள தள்ளிட்டாங்களா?" என்றார் முனிரத்தினம்.

தபீதாள் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டபடியால், வழக்குத் தள்ளுபடி. கடன் பைசல்."